புகை போடுகிறேன் என்று வருபவரை நம்பாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து மகளிர் குழு நடத்தும் ஒரு சகோதரி கேட்கிறார்: வாரம் ஒருநாள் சமுதாயக் கூடத்தில் கர்ப்பிணிகள் கூடுகிறோம், பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறோம். மாதாமாதம் கிருமிநாசினிப் புகை போட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் மிரட்டுகிறார், போடத்தான் வேண்டுமா?

வேண்டாங்க. எந்த அரசாணையில் இருக்கிறது என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள், அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார். புகை போட்டு முடித்த அறையில் அடுத்த நிமிஷம் ஒருத்தர் இருமினால் போட்ட காசு வீண், அதுவும் ஃபார்மலின் புகை என்றால் கண், தொண்டை எரியும், கர்ப்பிணி இருக்கும் இடத்துக்கே ஆகாது. கிருமியைக் கொல்லும் என்று நீல விளக்குப் பெட்டி விற்பவருக்கும் இதே பதில்தான். ஒரு கை கழுவும் தொட்டிக்கு மனு கொடுத்தால் மதிப்பீடு, கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள், இந்த ஏஜென்டுகள் மட்டும் மறுநாளே வாசலில் நிற்கிறார்கள். தொட்டி வரும்வரை குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் போதும். சோப்பு போட்டு 40 விநாடி கை கழுவ வேண்டும், எல்லோருக்கும் ஒரே துண்டு கூடாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காய்ச்சல், இருமல் இருப்பவர் அன்றைக்கு வர வேண்டாம், ஆனால் நர்சம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் சர்க்கரை பார்க்கும் இடத்தில்தான். விரலில் வைத்து டக்கென்று அழுத்தும் பேனா இருக்கிறதே, ஊசியை மாற்றிவிட்டோமே என்று அதே பேனாவை வரிசையாக எல்லோருக்கும் வைக்கிறார்கள். அதன் மூடியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு கிடக்கும், தாய்க்கு வந்தால் பிரசவத்தில் பிள்ளைக்கும் போகும். பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒருமுறை குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் ஊசிகளை வாங்குங்கள். போட்ட ஊசியைக் கெட்டியான டப்பாவில் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் வேண்டாம்.

நோயாளி வராமல் இருந்தால் போதும் என்ற கணக்கு சின்னம்மையில் செல்லாது. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும், அதாவது போன வாரம் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டுப் போனவரிடமிருந்தே வந்திருக்கலாம். அம்மா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்று மூடி வைக்காதீர்கள். அம்மை வந்தவரோடு ஒரே அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்த கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அன்றைக்கே போன் போடுங்கள். முன்பே சின்னம்மை போட்டவருக்குப் பொதுவாகக் கவலையில்லை. போடாதவரும் ஞாபகம் இல்லாதவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும், ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றால் எதிர்ப்புச் சக்தியையே நேராகத் தரும் ஒரு ஊசி இருக்கிறது, அவரோடு இருந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இல்லை, அடுத்த வாரம் வா என்று அனுப்பினால் காத்திருக்காதீர்கள், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோவைக்கோ உடனே எழுதித் தரச் சொல்லுங்கள். இதைச் சின்னம்மைத் தடுப்பூசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்தத் தடுப்பூசி பிரசவத்துக்கு அப்புறம்தான். கொப்புளம் வந்துவிட்டால் அன்றைக்கே டாக்டர், பிரசவ நாள் நெருங்கியிருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து.

வருகைப் பதிவு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போன் நம்பரையும் முன்பு சின்னம்மை போட்டதா என்பதையும் இந்த வாரமே கேட்டு எழுதிவிடுங்கள்.