சிவப்புக் கோடு

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மாங்குளம் பக்கம் போய்த் தரம் 10க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கல்விச் சீர்திருத்தம் என்கிறார்கள், இங்கே ஒன்றும் மாறவில்லை. தாய்மார் நிலக்கடலை பிடுங்கப் போய்விடுகிறார்கள். பிள்ளையின் கொப்பியைத் திறந்தும் பார்ப்பதில்லை. அதிபர் மட்டும் நல்லவர். பஸ் பிந்தினால், நாங்கள் வந்த பிறகுதான் சிவப்புக் கோடு கீறுவார். இப்படியான இடத்தில் ஓர் ஆசிரியை தனியே என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி உங்கள் கடிதத்தை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் ஏழரைக்குக் கீற வேண்டிய கோடு அது. பிந்தி வந்தவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். எவ்வளவு பிந்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 20 நிமிடம் என்று வைப்போம். கிழமைக்கு மூன்று நாள் முதற்பாடம் உங்களுடையதென்றால் 30 கிழமையில் 1,800 நிமிடம். 40 நிமிடப் பாடமாகப் பிரித்தால் 45 பாடம். கணித ரீச்சருக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது!

கடலை பிடுங்கப் போகிறவள் பிந்தினால் அரைநாள் கூலி போய்விடும். அவளுக்காகக் கோட்டைத் தள்ளிக் கீற ஆளில்லை. கொப்பி பார்க்காத தாயை நானும் ஏசுவேன். பெற்றவள்தான் முதலில் கேட்க வேண்டும், களைப்பென்று சொல்லித் தப்ப விடமாட்டேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல, மணி அடிக்கும்போது நீங்கள் வகுப்பில் நிற்க வேண்டும்.

உங்கள் அதிபர் நல்லவருமில்லை. பிள்ளைகளின் நேரத்தை எடுத்து உங்களுக்குத் தானம் பண்ணுகிறார்.

சீர்திருத்தம் 2026இல் முதலாந்தரத்தில்தான் தொடங்கியது. தரம் 6க்கு 2027 என்று தள்ளிவிட்டார்கள். அது ஏறி வருமுன் உங்கள் பத்தாந்தரம் சோதனை எழுதிப் போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்த சீர்திருத்தம் நீங்கள்தான். 2008இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தோடு அலைந்து மரத்தடியில் படிப்பித்த ஆசிரியர்கள் இருந்த மண் அது. (பழங்கதை என்பீர்கள். சொல்லத்தான் செய்வேன்.)

முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள். இல்லையென்றால் கிழமை நாட்களில் மாங்குளத்தில் ஓர் அறை எடுங்கள். நாளைக்கே அதிபரிடம் போய், "சேர், ஏழரைக்கே கோட்டைக் கீறுங்கோ" என்று சொல்லுங்கள். பிந்தினால் கோட்டுக்குக் கீழே, வந்த நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வையுங்கள். கூட வருகிற ஆசிரியர்கள் ஒரு மாதம் உங்களோடு கதைக்க மாட்டார்கள். பஸ்ஸில் இருந்து கொப்பி திருத்த வசதியாக இருக்கும்.