கம்ப்ரசருக்குக் கூரை போடலாம், சுவர் கூடாது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உடுமலைப் பக்கம் மெயின் ரோட்டோரம் பஞ்சர் கடை போட்டிருக்கிறேன். கரண்ட் இணைப்பு வரத் தாமதமாகிறது. அதனால் 5.5 ஹெச்பி பெட்ரோல் இன்ஜின் வைத்த பழைய கம்ப்ரசர் ஒன்று வாங்கினேன். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து தகரக் கொட்டகைக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு ஓட்டலாமா? வெளியே என்றால் எங்கே வைப்பது?"

கொட்டகைக்குள் வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். பெட்ரோல் இன்ஜின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வருவது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். வெயில், பசி, பித்தம் என்று எதையாவது சொல்லி நாமே தள்ளிவிடுவோம். ஒரு மழை நாளில் இன்ஜினைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த கடைக்குப் போயிருந்தேன். வேலைக்காரப் பையன் பெஞ்சில் சுருண்டு கிடந்தான், "காலையிலிருந்தே தலைவலி" என்றான். வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டான். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

கடை வாசல், ஜன்னல், பக்கத்து டீக்கடை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். சைலன்சர் வாய் ஆள் இல்லாத திசையைப் பார்க்கட்டும். தூரமாகிவிடுகிறதே என்று கவலை வேண்டாம். 50 அடி ஓஸ் வாங்கினால் தீர்ந்தது, டயருக்குக் காற்றுப் பிடிக்க அந்த நீளம் பெரிய இழப்பில்லை.

காற்றுத் திசையையும் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடியில் மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். ஆடியில் சரியாக இருந்த இடம் கார்த்திகையில் புகையைக் கடைக்குள் அனுப்பும். எனவே திருப்பி வைக்க வசதியாகச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், ஓட்டும்போது மட்டும் முட்டுக்கட்டை கொடுங்கள். கம்ப்ரசர் ஹெட்டின் (காற்றை இழுத்து அழுத்தும் பகுதி) ஏர் ஃபில்டர் சைலன்சர் புகையை இழுக்காத பக்கம், லாரிப் புழுதி நேரே வராத பக்கம் இருக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கிணற்றில் விஷவாயு இருந்தால் கம்ப்ரசர் ஓஸை உள்ளே விட்டு ஊதிவிட்டு ஆளை இறக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. உங்கள் கம்ப்ரசரை யாராவது அதற்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். தன் புகையையே இழுத்துக் கிணற்றுக்குள் ஊதிவிடும்.

அடுத்து தரை. நான்கு விரல் கனத்துக்கு கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரிச் சின்ன இன்ஜின், ஹெட்டு பெரும்பாலானவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. அடியில் கரண்டி போன்ற ஒரு துண்டுதான் சுழன்று ஆயிலை வாரித் தெளிக்கும். கம்ப்ரசர் சாய்ந்தால் கரண்டி ஆயிலைத் தொடாது, ஆயில் குச்சியும் தப்பான அளவு காட்டும். கால்களுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வையுங்கள், உங்களிடம் அதற்கா பஞ்சம்? தரையோடு போல்ட் போட்டு இறுக்கினால் அதிர்வெல்லாம் டேங்க் கால் வெல்டிங்கில் இறங்கி விரிசல் விடும்.

பழைய டேங்க் என்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஓட்டுவதற்கு முன் தண்ணீர் நிரப்பி ஹைட்ரோ டெஸ்ட் செய்துவிடுங்கள், வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை. காற்றை வைத்து டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள், டேங்க் தாங்காவிட்டால் வெடித்துச் சிதறும். துரு உள்ளேயிருந்துதான் அரிக்கும். மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கும். 20 கன மீட்டர் இழுத்தால் ஏறக்குறைய அரை லிட்டர். அதில் பெரும்பகுதி டேங்க் அடியில்தான் தங்கும். தினமும் சாயங்காலம் டிரெய்ன் வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். அழுத்தம் மிஞ்சினால் காற்றை வெளியே விடும் சேஃப்டி வால்வின் வளையத்தை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது அடிக்கடி சீறுகிறதே என்று இறுக்கிவிடவோ போல்ட் போட்டு அடைக்கவோ கூடாது. டேங்கின் இரண்டு மூடிப் பக்கமும் ஆள் உட்காரும் இடத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜினை நிறுத்தி, 15 நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். கேன் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

சரி, மழைக்கும் திருட்டுக்கும் என்ன செய்வது? நான்கு மூலையில் இரும்புக் குழாய் நட்டு, தலைக்கு மேல் இரண்டு அடி உயரத்தில் தகரம் போடுங்கள். சுற்றிலும் கம்பி வலை அடித்துக் கதவு வைத்துப் பூட்டலாம், காற்று தாராளமாகப் போய்வரும். பெல்ட் பக்கம் வலைக்கும் இன்ஜினுக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், பெல்ட் மூடியும் கட்டாயம் இருக்க வேண்டும். ராத்திரியில் பெட்ரோல் வால்வை அடைத்துவிட்டு அங்கேயே சங்கிலி போட்டு வையுங்கள். நீங்கள் படுக்கும் கொட்டகைக்குள் மட்டும் தள்ளிவராதீர்கள்.