எட்டு லட்சத்தில் விமானம் ஓட்டக் கற்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். வயது 34. வேலைக்காக அல்ல, ஆசைக்காகத் தனியார் விமானி உரிமம் (பிபிஎல்) எடுக்க வேண்டும். எட்டு லட்சம் சேர்த்திருக்கிறேன். கோவையில் ஒரு கன்சல்டன்சி, மூன்று லட்சம் முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்கிறது. நான் மைனஸ் ஒன்றரை பவரில் கண்ணாடி போடுகிறவன். தொடங்கலாமா?

பதில்: அந்த மூன்று லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர இடைத்தரகர் எவரும் தேவையில்லை. விமானி உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த பள்ளிகளின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. போன் போடலாம், நேரில் போகலாம். 'சீட் பிடித்துத் தருகிறேன்' என்பவர் விற்பது சீட்டை அல்ல, உங்கள் அவசரத்தை. இன்னும் கொஞ்ச நாளில் 'பிபிஎல் எதுக்கு சார், நேரா சிபிஎல் போயிடலாமே' என்றும் சொல்வார். சிபிஎல் என்பது வணிக விமானி உரிமம், சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கானது, 200 மணி நேரப் பறப்பு. பிபிஎல்லுக்கு 40 மணி போதும், ஆனால் அதை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றிச் செல்ல முடியாது. உங்களுக்கு ஆசைதான் என்றால் அதுவே போதும்.

இப்போது கணக்கு. மணிக்கு 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது மணிக்கு ஆறு லட்சம். ஆனால் 40 என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதில் ஒரு பகுதி நீங்கள் தனியாகப் பறந்ததாக இருக்க வேண்டும், அந்தத் தனிப் பறப்பில் ஐந்து மணி ஊர்விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும். பலருக்கு 50, 55 ஆகிவிடுகிறது. ஐம்பத்தைந்து என்றால் எட்டேகால் லட்சம். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் தனி. ஆக, எட்டு லட்சத்தில் தொடங்கலாம், முடிக்க இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். அதனால்தான் மொத்தமாகக் கட்டாமல் பறந்த மணிக்கு மட்டும் காசு கொடுக்கும் இடமாகத் தேடச் சொல்கிறேன். சொன்ன விலையில் எரிபொருள் சேர்த்தியா, அந்த 40-இல் சிமுலேட்டர் (தரையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பழகும் கருவி) எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள்.

முன்பணம் வாங்கிய பிறகு பள்ளியின் விமானம் உதிரிப்பாகத்துக்காகக் கொட்டகையில் நிற்கும். இன்ஸ்ட்ரக்டர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். என்னிடம் வந்த ஒரு பையன் ஏழு மாதம் ஹாஸ்டல் வாடகை கட்டிக்கொண்டு பதினோரு மணிதான் பறந்திருந்தான். ஆகவே சேருமுன் ஒரு வேலை செய்யுங்கள். காலை ஆறரைக்கே ஓடுதளப் பக்கம் போய் நின்று, பத்து மணிக்குள் எத்தனை விமானம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். விளம்பரத்தில் எட்டு இருக்கும். கிளம்புவது இரண்டாக இருந்தால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்.

கண்ணாடி பற்றிக் கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கண்ணாடி போட்டவன் பைலட் ஆக முடியாது என்று நம்பி ஆசையையே புதைத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். முக்கியமாகப் பார்ப்பது கண்ணாடி போட்ட பிறகு எப்படித் தெரிகிறது என்பதைத்தான். உங்கள் பவர் பயப்படும்படி இல்லை. உரிமம் வந்த பிறகும் பறக்கும்போது இன்னொரு ஜோடி கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறக்குருடு வேறு விஷயம். புள்ளிப் புள்ளியாக எண் எழுதிய இஷிஹாரா அட்டையை வைத்துப் பார்ப்பார்கள். தேயிலைக் கொழுந்தின் பச்சை தெரிகிறதே என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் பிபிஎல்லுக்கான மருத்துவப் பரிசோதனையான இரண்டாம் வகுப்பு மெடிக்கல் முடியும் வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அடுத்து பெயர். தமிழர்களுக்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் தனிச் சோதனை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. தேர்வு எழுத டிஜிசிஏவிடம் கணினி எண் என்கிற பதிவு எண் வாங்க வேண்டும், அதற்கு விண்ணப்பித்தால் இதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். ஓர் எழுத்துக்கு இரண்டு மாதம்! இனிஷியல் என்றால் என்னவென்று இன்னும் எத்தனை தலைமுறைக்கு விளக்க வேண்டுமோ. இப்போதே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்.

விதிமுறை, வானிலை, திசையறிதல், விமான நுட்பம் என்று பாடங்கள் உண்டு. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. புத்தகம் வாங்கி வீட்டிலேயே படிக்கலாம், இதற்கு லட்சக்கணக்கில் கோச்சிங் வேண்டாம். குன்னூர் மலைப்பாதையில் மஞ்சு இறங்குவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு வானிலைப் பாடம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

எப்போது போவது? வாரம் ஒரு நாள் மலையிறங்கிப் பறந்து வரலாம் என்று நினைக்காதீர்கள். இடைவெளி விட்டால் போன தடவை படித்ததை மறுபடி படிக்கக் காசு போகும். உறைபனியில் கொழுந்து குறையும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை உங்களுக்குத் தோட்ட வேலை கம்மி. கீழே சமவெளியில் வானம் தெளிவாக இருப்பதும் அப்போதுதான். அதற்குள் மெடிக்கலையும் பெயரையும் முடித்துவிட்டு, அந்த மூன்று மாதம் பள்ளிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குங்கள்.