4:1-க்கு 12:3 சமானம், 12:9 ஏன் இல்லை?

ஆறாம் வகுப்புப் பையன் 4:1-க்குச் சமான விகிதம் 12:9 என்று எழுதுகிறான், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் 8-ஐக் கூட்டியிருக்கிறான். பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடம்தான்.

காசிமேட்டுத் தெருவோர இட்லிக் கடைக்கு மாவு ஆட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. அரிசி 12 ஆனால் மூன்று மடங்கு. உளுந்தும் மூன்று மடங்காகி 3 டம்ளர். 9 போட்டால் ஒரு டம்ளர் உளுந்துக்கு ஒன்றேகால் சொச்சம் அரிசிதான் வரும், இட்லி தட்டையாகப் பிசுபிசுக்கும் (வடைக்காரர் வேண்டுமானால் சந்தோஷப்படுவார்).

குறுக்கே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்: 4×3, 1×12 இரண்டும் 12. ஆனால் 12:9 என்றால் 4×9 என்பது 36, 1×12 என்பது 12தான்; சமமாகவில்லை.

அலகிலும் கவனம்: 2 கிலோ அரிசி, 500 கிராம் உளுந்து என்றால் 2:500 இல்லை, 2000:500, அதாவது 4:1.