கேங் வேலைக்குப் போகிறேன், உடம்பு தாங்குமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 25. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பி.காம். முடித்துவிட்டு நாலு வருடம் ரயில்வே தேர்வுக்குப் படித்தேன். இப்போது சென்ட்ரல் ரயில்வேயில் டிராக் மெயின்டெய்னர், அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் வேலை கிடைத்திருக்கிறது. இந்த பிப்ரவரி கடைசியில் சேர வேண்டும். உடல்தகுதித் தேர்வில் 35 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் தேறிவிட்டேன். ஆனால் நாலு வருடம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. எடை 58 கிலோதான். அப்பா தோல் கிடங்கில் மூட்டை தூக்கியே இடுப்பு போனவர். அதை நினைத்து அம்மா தினமும் அழுகிறார். ஜிம்மில் சேரலாமா? புரோட்டீன் பவுடர் சாப்பிடலாமா? ராத்திரி வேலையும் உண்டு என்கிறார்கள். எங்கள் வீடு ஒரே அறை. ஆறு மாதத்தில் ஆபீசுக்கு மாற்றல் கேட்டுவிடு என்கிறான் நண்பன். என் உடம்பு இதைத் தாங்குமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தாராவி

பதில்: வாழ்த்துகள் தம்பி. தாங்கும். என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் கேங்மேன்களில் பாதிப் பேர் உங்களைப் போல ஒல்லியானவர்கள்தான். எடையை நினைத்துக் கவலைப்படாதீர்கள். சேர்ந்த புதிதில் பழைய ஆட்களோடு போட்டி போடாமல் இருக்க முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

காரணம் சொல்கிறேன். தேர்வில் நீங்கள் தூக்கியது ஒரு மூட்டை, 100 மீட்டர், இரண்டு நிமிடம். லைனில் அப்படி ஒரேயடியாகத் தூக்கிக் காட்டும் வேலை குறைவு. இன்றைய தண்டவாளம் ஒரு மீட்டரே 60 கிலோ. அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் ஒன்று கால் டன்னுக்கும் மேலே. இவற்றைத் தனி ஆள் தொடுவதே இல்லை. இடுக்கி போட்டு, ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்துதான் நகர்த்துவார்கள். தனி ஆளுக்கு வருவது தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடிக்கும் கிளிப்பை அடிப்பது, பல் வைத்த பஞ்சாவால் ஜல்லி இழுப்பது, கமேலா என்கிற சட்டியில் ஜல்லி சுமப்பது, பீட்டர் என்கிற இரும்புக் கருவி போட்டு ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது. அப்புறம் நடை, ஜல்லி மேல் நடை. ஒரு கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் நாலு கிளிப், மொத்தம் 6640. இப்போது மெஷின்கள் நிறைய வந்துவிட்டாலும் தண்டவாளம் பிரியும் பாயின்ட்டுகள் பக்கத்திலும் இடுக்கான இடங்களிலும் கைவேலை அப்படியேதான் இருக்கிறது. சின்ன வேலையை ஆயிரம் தடவை செய்யும்போதுதான் தோள்பட்டை, முழங்கை, இடுப்பு எல்லாம் கெடுகின்றன.

முதல் வாரம் உடம்பெல்லாம் வலிக்கும். வேலை செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதிகமாக இருக்கும், பிறகு அடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆறு, எட்டு வாரத்தில் தசை பழகிவிடும், நமக்கும் பலம் வந்துவிட்டது என்று தோன்றும். நான் பயப்படுவது அந்தக் கட்டத்துக்குத்தான். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்கள் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை, அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். மூன்றாவது மாதம் ஒரு வேகத்தில் சுத்தியலை வீசிவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிற இளைஞர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் கேங்கில் இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் சுத்தியலை எவ்வளவு சோம்பேறித்தனமாகத் தூக்குகிறார் என்று கவனியுங்கள். எடையைக் கீழே விழவிட்டு வேலை வாங்குவார், கையால் அழுத்த மாட்டார். பீட்டர் போடும்போது சிறிது நேரம் வலப்பக்கம், சிறிது நேரம் இடப்பக்கம் என்று மாற்றுவார். அதை அப்படியே காப்பியடியுங்கள்.

இடுப்பு விஷயம். அப்பாவின் இடுப்பு போனதால் உங்களுடையதும் போகும் என்று விதி இல்லை. குனியும்போது முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து மடங்குங்கள், சுமை உடம்போடு ஒட்டி இருக்கட்டும். எல்லாவற்றையும்விட, சுமையைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பைத் திருகாதீர்கள். ஜல்லியை அள்ளி, கால் நகராமல் உடம்பை மட்டும் திருப்பிக் கொட்டுகிறார்களே, அதுதான் வினை. பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் தெரிந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஜிம்முக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். இருக்கிற நாட்களில் 20 லிட்டர் தண்ணீர் கேனை மாடிப்படியில் ஏற்றி இறக்குங்கள், கையை மாற்றி மாற்றி. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், கணுக்காலுக்கு அதைவிட மலிவான பயிற்சி கிடையாது. சேஃப்டி ஷூ கைக்கு வந்த அன்றே போட்டு சாயங்காலம் மாஹிம் வரை நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு நேராக ஜல்லியில் இறங்கினால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம். கணுக்காலை மூடும், கயிறு கட்டும் ஷூவாக இருக்கட்டும். அளவு பெரிதாக இருந்தால் வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள். பையில் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி எப்போதும் கிடக்கட்டும்.

புரோட்டீன் பவுடரும் தேவையில்லை. உங்கள் எடைக்கு இந்த வேலையில் நாளுக்கு 70 முதல் 90 கிராம் புரதம் வந்தால் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம் ஆயிற்று. 100 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 20 கிராம் பக்கம் வரும். பருப்பு, தயிர், சயான் கோலிவாடாவில் வாங்கும் பாங்டா, அதாவது நம் அயிலை, எல்லாம் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். சோற்றைக் குறைக்காதீர்கள், மண்வெட்டி பிடிப்பவனுக்கு டயட் எதற்கு? காலையில் வெறும் டீயும் பாவ் ரொட்டியும் விழுங்கிவிட்டுப் போவதுதான் தப்பு. உங்கள் கேங்கில் பீகார்க்காரர்கள் இருந்தால் 'சத்து' என்கிற வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம் போட்டுக் குடிப்பார்கள். கேட்டு வாங்கிக் குடியுங்கள். நம் கேழ்வரகுக் கூழுக்கு உறவுக்காரன் மாதிரி இருக்கும்.

நீங்கள் சேரும் நேரம்தான் கொஞ்சம் சங்கடம். மார்ச்சிலேயே மும்பையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். தண்டவாளம் காற்றைவிட 15, 20 டிகிரி கூடச் சுடும், அந்த அனல் முகத்தில் அடிக்கும். ஈரக்காற்று என்பதால் வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். வெயிலில் சுருண்டு விழுபவர்களில் புது ஆட்களும் நீண்ட லீவிலிருந்து திரும்பியவர்களுமே அதிகம். முதல் சில நாள் கனமான வேலையை காலையிலேயே கேட்டு வாங்கிச் செய்துவிடுங்கள். கேங்கை நடத்தும் மேட்டிடம் 'புதுசு, வெயில் பழகவில்லை' என்று சொல்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று நான்கு மணி நேரம் விடாமல் வேர்த்தால் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர். வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டிய அளவு. லைனில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்துதான் சிறுநீரகத்தில் கல் வளர்க்கிறார்கள்.

சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் அது வெறும் சூடு என்று விட்டுவிடாதீர்கள். அளவுக்கு மீறி உழைத்து தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிய அறிகுறியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. கூட வேலை செய்பவர் உளற ஆரம்பித்தாலோ தடுமாறினாலோ நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில், தண்ணீர் வற்றிய உடம்பில், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போடும் பழக்கம் கேங்குகளில் உண்டு. அந்தக் கும்பலில் சேராதீர்கள். மாவா, குட்கா என்கிற புகையிலைச் சரக்கும் அப்படியே. தூக்கம் வராமல் இருக்க என்று யாராவது நீட்டுவார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது அந்த ஒரே அறைதான். கடைசி லோக்கல் ரயில் போன பிறகு முதல் லோக்கல் கிளம்பும்வரை லைன் சும்மா இருப்பது ஏறத்தாழ மூன்று மணி நேரம், வேலையை அதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்திவைத்து லைனைப் பராமரிக்கும் மெகா பிளாக் வேறு. ராத்திரி வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால் குக்கர் விசில், டிவி, பக்கத்துப் பட்டறைச் சத்தம். அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். நைட் முடிந்த நாட்களில் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை உங்களை யாரும் எழுப்பக் கூடாது, ரேஷன் கடைக்கு அனுப்பக் கூடாது. போட்மாலா என்கிற பரண் இருந்தால் அது உங்களுக்கு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் சத்தம் மற்ற சத்தத்தை அமுக்கிவிடும். நைட் வேலையில் இரவு இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். வீட்டில் முடியவே முடியாது என்றால், அமைதியான வீடுள்ள உறவினர் யாராவது அந்த நாட்களில் இடம் தருவார்களா என்று கேளுங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள், வரிசை நீளம் என்பதால் சீக்கிரமே.

நான் இதை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம், தூக்கம் கெட்ட ஆள் ரயிலைக் கவனிக்க மாட்டான். குர்லா, தாதர் பக்கம் எத்தனை லைன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த லைனில் போய் நிற்பவர்களைத்தான் இன்னொரு வண்டி அடிக்கிறது. லோக்கல் வண்டி, குறிப்பாக வளைவில், அவ்வளவு சத்தமில்லாமல் வந்துவிடும். விசில் கேட்டதும் கருவியோடு எல்லா லைனையும் விட்டு ஓரத்துக்கு. போன் பையிலேயே இருக்கட்டும், இயர்போன் வீட்டிலேயே இருக்கட்டும். மேலே 25,000 வோல்ட் ஓடுகிறது, நீளமான இரும்புக் கம்பியை நிமிர்த்திப் பிடித்துத் தூக்காதீர்கள்.

ஜூன் இரண்டாவது வாரம் மழை வந்துவிடும். சயான், குர்லா லைனில் தண்ணீர் நின்றால் அதில் எலி மூத்திரம் முதல் எல்லாமும் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் போதும், லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் உள்ளே போக. கம் பூட் போடுங்கள், கீறலை நனையாத பிளாஸ்டரால் மூடுங்கள். வெள்ளத்தில் இறங்கினால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய்த் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நின்றதைச் சொல்லியே காட்டுங்கள். டெட்டனஸ் ஊசியை வேலையில் சேருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். லைன் ஓரத்தில் எத்தனை பேர் காலைக்கடன் கழிக்கிறார்கள் என்பது தாராவிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே சோப்பில்லாமல் டிபனைத் திறக்காதீர்கள்.

மாற்றல் பற்றி உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆறு மாதத்தில் ஆபீஸ் வேலை கேட்டு யார் யார் வாசலிலோ நிற்பதைவிட, தேவையான சர்வீஸ் ஆனதும் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எழுதுங்கள். பி.காம். படித்த, நாலு வருடம் தேர்வுக்கே உழைத்த உங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. அதுவரை டியூட்டியில் சின்ன அடி பட்டாலும் அன்றே மேட்டிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். சேர்ந்த முதல் மாதமே உமித் என்கிற ரயில்வே மருத்துவ அட்டைக்கு உங்கள் பெயரோடு, விதிப்படி சேர்க்க முடிந்தால் அப்பா அம்மா பெயரையும் கொடுத்து விண்ணப்பியுங்கள். அப்பா பெயர் சேர்ந்தால், பைகுல்லாவில் இருக்கும் ரயில்வே ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பையும் ஒரு தடவை காட்டிவிடலாம்.