பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்களா?

கேள்வி: மூன்று வருடங்களாக வீட்டிலேயே சாம்பார் பொடி, ரசப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். இனி கடைகளுக்குப் போட ஆசை. லோகோவுக்கும் பாக்கெட்டுக்கும் சேர்த்து நுங்கம்பாக்கத்து டிசைன் ஏஜென்சி ஒன்று 1,75,000 ரூபாய் கேட்கிறது. இங்கே இரண்டு பிள்ளைகள் நடத்தும் சிறு நிறுவனம் 30,000 போதும் என்கிறது. யாரிடம் கொடுக்கட்டும் அம்மா?
- ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: தொகையை அப்புறம் பார்க்கலாம் தங்கையே. இருவரில் யார் உங்கள் பொடிப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்?

நான் பத்து வருடம் ஊறுகாய் விற்றவள். எங்கள் பெயரில் ஒரு 'ண' உண்டு. ஏஜென்சிக்காரர் பெரிய திரையில் லோகோவைக் காட்டியபோது சொக்கிப்போனேன். 50 கிராம் பாக்கெட்டில் அச்சாகி வந்தபோது அந்த ண-வின் சுழிகளில் மை அடைத்து, எழுத்தே கறுப்புத் திட்டாகிவிட்டது. மயிலாப்பூர் மளிகைக் கடையில் ஒரு பாட்டி அதை வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன எழுத்தம்மா?" என்று கேட்டார். ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும் தடிமனைத் தமிழின் சுழிகள் தாங்காது. ஆகவே உங்களிடம் விலை சொன்ன இருவரும் முன்பு செய்த தமிழ்ப் பாக்கெட் ஒன்றைக் கடையில் வாங்கிப் பாருங்கள்.

அச்சுச் செலவையும் கேளுங்கள். பவுச்சை கிராவூர் முறையில், அதாவது செதுக்கிய உலோக உருளையால் அச்சிட்டால், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும்; அத்தனைக்கும் செலவு. எட்டு வண்ணம் காட்டிவிட்டு அதைப் பற்றி வாய் திறக்காதவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என்னை அழவைத்தது வேறொன்று. பாக்கெட் அளவை மாற்றுவதற்காக மூலக் கோப்பைக் கேட்டேன்; மறுபடியும் பணம் கேட்டார்கள். முழுத் தொகையும் கொடுத்தவள் நான்! வழக்கறிஞரிடம் போன பிறகுதான் விளங்கியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியார் வரைந்த லோகோவின் உரிமை, பணம் கொடுத்துவிட்டதாலேயே பொதுவாக நமக்கு வந்துவிடாது. அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்ற சொற்களும், வெக்டார் கோப்பை (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத மூலக் கோப்பு) ஒப்படைப்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். பிறகு பேசினால் குரல் எடுபடாது.

உங்கள் பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று வர்த்தக முத்திரைப் பதிவேட்டின் இணையதளத்தில் 30-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். மசாலாப் பொடிகள் அதில்தான் வரும். உணவு உரிம எண்ணுக்கும் சைவப் பச்சைப் புள்ளிக்கும் முதல் வரைபடத்திலேயே இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளைகள் இப்படி ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சம்மதித்தால் ரசப் பொடியை மட்டும் முதலில் அவர்களிடம் கொடுங்கள். 50 கிராம் அளவிலேயே ஒரு மாதிரி அச்சடித்து வாங்கி, உங்கள் தெரு மளிகைக் கடையில் மற்ற பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, நான்கடி தள்ளி நின்று பெயரைப் படித்துப் பாருங்கள்.