வாடகைக் காரில் நீங்கள் செய்யாத கீறலுக்கு டெபாசிட்டைப் பிடித்தால்

செல்ஃப் டிரைவ் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, நீங்கள் ஏற்படுத்தாத கீறலுக்காக டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் படம் எடுத்திருப்பீர்கள், அந்தப் படங்களில் விழாத இடத்தில்தான் கீறல் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எனக்கு நடந்தது அதுதான்.

கோவையில் எடுத்த காரில் குடும்பத்துடன் ஊட்டிக்குப் போய்வந்தோம். வண்டியை ஒப்படைத்தபோது, வாங்க வந்த ஊழியர் தரையில் குனிந்து முன் பம்பரின் அடிவிளிம்பில் ஓர் உராய்வைக் காட்டினார். சற்று முன்புதான் வாட்டர் வாஷ் செய்திருந்தோம்; அப்படியிருந்தும் அந்த உராய்வின் பள்ளத்துக்குள் செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. புதிதாகப் பட்ட அடி இப்படி இருக்காது என்று நகத்தால் சுரண்டிக் காட்டினேன், படமும் எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

புது பம்பர், பெயின்ட் கூலி, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள்களுக்கான வாடகை என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் குறுஞ்செய்தி வந்தது. யார் கீறியது என்ற வாதத்துக்கு முடிவே வராது என்பதால் நான் கணக்கைக் கேட்டேன்: ஒர்க்‌ஷாப்பின் ஜிஎஸ்டி பில் எங்கே, எனக்கு முன் எடுத்தவர் திருப்பிக் கொடுத்தபோது எடுத்த படங்கள் எங்கே, இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டிருக்கிறீர்களா என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஓடித் தேய்ந்த பம்பருக்கு என்னிடம் மட்டும் புதியதன் முழு விலையையும் கேட்பது என்ன நியாயம்?

வழக்கு என்றால் பெங்களூரில்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாகப் பயமுறுத்தினார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இதைப் பதிலாக எழுதிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். அவர்கள் உத்தரவு போடுபவர்கள் அல்லர், நிறுவனத்திடம் விளக்கம் கேட்பவர்கள்தான். ஆனாலும் அதன் பிறகே பம்பருக்காகப் பிடித்த பணம் திரும்பி வந்தது. கடைசிவரை பில் வரவில்லை. வாட்டர் வாஷ் செய்து கொடுத்த வண்டிக்குச் 'சுத்தம் செய்யும் கட்டணம்' என்று பிடித்ததை மட்டும் இன்றுவரை தரவில்லை, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

எல்லா நிறுவனங்களும் ஏமாற்றுகின்றன என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்; இடித்துவிட்டுச் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பில்லைக் கேட்கச் சொல்கிறேன்: உண்மையிலேயே வேலை பார்த்திருந்தால் அதைக் காட்டுவதில் அவர்களுக்குச் சிரமம் ஒன்றுமில்லை. தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, அந்த வண்டி இன்னும் பலர் கை மாறுவதற்குள், இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள்.